லிங்க்ட்இன்: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு வகுப்பு நடக்கும்போதெல்லாம் எழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் வாயில் வந்தபடியே தொகுத்திருக்கிறோம். பொறியியல் மாணவர்களுக்கு மட்டுமல்ல, பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ., பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். தளத்தில் பட்டன்கள் இருக்கும் இடம் அவ்வப்போது மாறும், அதனால் இடத்தைச் சொல்லாமல் பெயரையே சொல்லியிருக்கிறோம்.

நௌக்ரி இருக்கு, காலேஜ்ல பிளேஸ்மென்ட் செல் இருக்கு. லிங்க்ட்இன் தனியா எதுக்கு?

நௌக்ரி 1997-இல் வந்த வேலை விளம்பரத் தளம். ரெஸ்யூமைப் போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருப்போம். 2003-இல் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன லிங்க்ட்இன்னிலும் விளம்பரங்கள் உண்டு. ஆனால் மாணவருக்கு அதில் கிடைக்கும் பெரிய பயன் வேறு. ஒரு நிறுவனத்தில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், எங்கே படித்தார்கள், முதல் வேலை எது, அங்கிருந்து எப்படி நகர்ந்தார்கள் என்பதெல்லாம் பெயரோடு தெரியும்.

வீட்டில் நாம்தான் முதல் பட்டதாரி என்றால் இந்தத் தகவலைச் சொல்ல மாமாவோ சித்தப்பாவோ இருக்கமாட்டார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தத் தளம். வேலை வாங்கித் தரும் இயந்திரமாக இதை நினைத்து வந்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

நான் செகண்ட் இயர்தான். இப்பவே ஆரம்பிக்கணுமா?

16 வயது ஆனவர்கள் கணக்கு தொடங்கலாம். இரண்டாம் ஆண்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான்: கணக்கைத் தொடங்கி, வகுப்புத் தோழர்களையும் சீனியர்களையும் சேர்த்துக்கொண்டு, சீனியர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவருவது. அதற்கு வாரம் அரை மணி நேரம் போதும்.

இறுதியாண்டில்தான் தொடங்குகிறேன் என்றாலும் மோசமில்லை. ஆனால் சீனியர்கள் பாஸ் அவுட் ஆகும் முன்பே சேர்த்துக்கொண்டால் அவர்கள் முகம் நினைவிருக்கும்போதே சேர்த்ததாகும். பிறகு தேடிப்பிடிப்பது கடினம்.

எனக்கு இனிஷியல்தான் இருக்கு, லாஸ்ட் நேம் கேக்குதே?

சான்றிதழில் ‘எம். கவிதா’ என்று இருந்தால், முதல் பெயரில் ‘கவிதா’, கடைசிப் பெயரில் ‘எம்’ என்று போடுங்கள். ஓர் எழுத்தானாலும் ஏற்றுக்கொள்ளும். அப்பா பெயரை விரித்து எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் லிங்க்ட்இன்னில் ஒன்று, ரெஸ்யூமில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று என்று இருந்தால், வேலையில் சேரும்போது நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். எது உங்கள் மார்க் ஷீட்டில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

இதோடு உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தின் இணைய முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். தளம் தானாகத் தரும் முகவரியில் பெயருக்குப் பின்னால் எண்களும் எழுத்துகளுமாக ஒரு வால் இருக்கும். அதை எடுத்துவிட்டால் ரெஸ்யூமில் ஒரே வரியில் அடங்கும்.

போட்டோ கட்டாயமா? வீட்டுல வேணாம்ங்கிறாங்க.

கட்டாயமில்லை. ஆனால் முகமே இல்லாத கணக்கிலிருந்து கனெக்ட் செய்யச் சொல்லி அழைப்பு வந்தால் பலரும் போலி என்று ஒதுக்கிவிடுவார்கள். நடுவழி ஒன்று உண்டு: போட்டோவை யார் பார்க்கலாம் என்பதை, நீங்கள் நேரடியாகச் சேர்த்துக்கொண்ட கனெக்‌ஷன்களுக்கு மட்டும், அவர்கள் வழியாகத் தொடர்புள்ள உங்கள் நெட்வொர்க்குக்கு, தளத்தின் உறுப்பினர்களுக்கு, எல்லோருக்கும் என்று தனித்தனியாக அமைக்கலாம். வீட்டில் இந்த அமைப்பைக் காட்டினாலே பாதி எதிர்ப்பு அடங்கும். கூகுள் தேடலில் ப்ரொஃபைல் வராமல் இருக்கப் பொதுப் பார்வையையும் அணைக்கலாம்.

போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி மூன்றும் வேண்டாம். வேலை சம்பந்தமில்லாமல் வழிந்து பேசும் செய்தி வந்தால் பதிலே எழுதாமல் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். மேட்ரிமோனி தளம் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கேயும் உண்டு.

ஹெட்லைன்ல ‘ஸ்டூடண்ட் அட்’னு காலேஜ் பேர் தானா வந்திருக்கு. அப்படியே விட்டா என்ன?

உங்கள் பெயர் எங்கே தோன்றினாலும், தேடலிலும் அழைப்பிலும் கமென்ட்டிலும், பெயருக்குக் கீழே இருக்கும் ஹெட்லைன் வரியும் கூடவே வரும். அதில் வெறும் ‘மாணவர்’ என்றிருந்தால் எதையும் சொல்லவில்லை என்று பொருள். 220 எழுத்து வரை இடம் உண்டு, அத்தனையும் நிரப்பத் தேவையில்லை. படிப்பு, கைவந்த இரண்டு மூன்று திறமை, எந்த மாதிரி வேலை, எந்த ஊர் என்று சொன்னால் போதும். உதாரணம்: ‘மெக்கானிக்கல் இறுதியாண்டு, 2026 பேட்ச் | சாலிட்வொர்க்ஸ், பம்ப் டிசைன் | கோயம்புத்தூர்’. பி.காம். என்றால் ‘டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், எக்செல்’.

‘ஆஸ்பைரிங் லீடர்’, ‘சேஞ்ச்மேக்கர்’ போன்றவை வேண்டாம். அந்தச் சொற்களை அடித்து யாரும் ஆள் தேடுவதில்லை.

எக்ஸ்பீரியன்ஸே இல்லையே, என்னத்த எழுதுறது?

ப்ராஜெக்ட்டை எழுதுங்கள், ஆனால் தலைப்பை மட்டும் எழுதாதீர்கள். ‘ஸ்மார்ட் இரிகேஷன் சிஸ்டம் யூசிங் ஐ.ஓ.டி.’ என்ற தலைப்பைப் பார்க்காத நேர்முகத் தேர்வாளர் தமிழ்நாட்டில் இல்லை. அதே ப்ராஜெக்ட்டை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மண் ஈரத்தைப் பார்த்து மோட்டாரை இயக்கும் கருவி. ஈ.எஸ்.பி.32, கெப்பாசிடிவ் சென்சார், ரிலே. நால்வர் குழுவில் சர்க்யூட்டும் கோடிங்கும் என் பங்கு. முதலில் வைத்த ரெசிஸ்டிவ் சென்சாரின் தகடு ஈரமண்ணில் அரித்துப்போய் அளவு தவறாக வந்ததால் மாற்றினோம்.’ கடைசி வரிதான் இதில் விலைமதிப்புள்ளது. செய்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால் அதைப் பெருமையாகப் போடாதீர்கள். ‘ஏன் இந்த சென்சார்?’ என்ற ஒரே கேள்வியில் குட்டு வெளிப்படும். அதைவிட, அப்பாவின் கடைக் கணக்கை எக்செல்லில் ஏற்றியது, கல்லூரி சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடித்தது, என்.எஸ்.எஸ். முகாமை நடத்தியது எல்லாம் நேர்மையான அனுபவம். கோடிங் செய்பவர்கள் கிட்ஹப் இணைப்பையும், டிசைன் செய்பவர்கள் பிஹான்ஸ் இணைப்பையும் சேர்க்கலாம். இணைப்பைத் திறந்தால் வெறுமையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல தப்பு வந்தா சிரிப்பாங்களோ?

ஆட்களைத் தேடுபவர்கள் ஆங்கிலச் சொற்களைத்தான் அடித்துத் தேடுகிறார்கள், ஆகவே ப்ரொஃபைல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். ஏ.ஐ. கருவியிடம் ‘இலக்கணப் பிழையை மட்டும் திருத்து’ என்று கேளுங்கள். ப்ரொஃபைலில் உங்களைப் பற்றிச் சொல்லும் ‘அபவுட்’ பகுதியை ‘எனக்கு எழுதிக் கொடு’ என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேருக்கு ஒரே மாதிரி வந்து நிற்கும். அதைவிட முக்கியம், நேரில் உங்களால் பேசமுடியாத ஆங்கிலத்தை ப்ரொஃபைலில் வைத்தால் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வீர்கள்.

யாரை கனெக்ட் பண்றது? 500 தாண்டணும்னு சொல்றாங்களே?

500-க்கு மேல் போனால் எண்ணிக்கை ‘500+’ என்று காட்டும், அவ்வளவுதான். அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. கண்ணில் பட்ட எச்.ஆர்.களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பி, பலரும் ‘இவரைத் தெரியாது’ என்று அழுத்தினால் தளம் உங்கள் கணக்கைக் கட்டுப்படுத்தும். வாரத்துக்கு இத்தனை அழைப்புதான் என்ற வரம்பும் உண்டு.

வகுப்புத் தோழர்கள், லேப் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள், இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கிய சூப்பர்வைசர், நான் முதல்வன் பயிற்சியில் வகுப்பெடுத்தவர் என்று தொடங்குங்கள். அடுத்து, உங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு முன் வெளியே போன சீனியர்கள். எச்.ஆர்.களைவிட இவர்கள்தான் பயன்படுவார்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. எச்.ஆருக்கு நாள் முழுக்க உங்களைப் போன்றவர்களின் செய்திதான் வருகிறது. சீனியருக்கோ அந்த நிறுவனத்தின் தேர்வு எப்படி இருந்தது என்பது இன்னும் மறக்கவில்லை.

சீனியர்களை எப்படித் தேடிப் பிடிக்கிறது?

கல்லூரியின் பக்கத்துக்குப் போய் ‘அலம்னை’யை அழுத்துங்கள். எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை, என்ன வேலை, என்ன படித்தார்கள் என்று வடிகட்டலாம். படித்த ஆண்டையும் கொடுக்கலாம். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள், ஓசூரில் குவாலிட்டி பார்ப்பவர்கள் என்று துல்லியமாகவே கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்த பலர், கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு ‘அண்ணா யுனிவர்சிட்டி’ என்று போட்டிருப்பார்கள். பாரதியார், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் இதே கதை. ஆகவே பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடி, கல்லூரியின் பெயரையோ சுருக்கத்தையோ தேடுசொல்லாகக் கொடுத்தும் பாருங்கள். நீங்கள் உங்கள் கல்வி விவரத்தை நிரப்பும்போது, கீழே விரியும் பட்டியலில் லோகோவோடு வரும் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வெறுமனே டைப் செய்துவிட்டால் அலம்னை பட்டியலில் நீங்கள் வரமாட்டீர்கள்.

அவங்க ப்ரொஃபைலைப் பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?

தெரியும், தெரிந்தால் நல்லதுதான். வேண்டாம் என்றால் பிரைவேட் மோடுக்கு மாறலாம்; ஆனால் இலவசக் கணக்கில் அப்படி மாறினால் உங்களைப் பார்த்தவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

மெசேஜ்ல சார்னு போடணுமா, அண்ணானு போடணுமா? என்ன எழுதுறது?

‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கினால் லீவ் லெட்டர் மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஹாய்’ போட்டு பெயரைச் சொல்லலாம். நிறுவனங்களில் அது மரியாதைக் குறைவில்லை. அதே கல்லூரியில் நான்கைந்து வருட மூத்தவர், தமிழர் என்று தெரிந்தால் தமிழில் அண்ணா, அக்கா என்றே எழுதலாம். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர் என்றால் சார், மேடம்தான் சரி.

இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளோடு மட்டுமே குறிப்பு சேர்க்க முடியும், அதுவும் 200 எழுத்துக்குள். தமிழில் எழுதினால் ‘கோ’ போன்றவை இரண்டாக எண்ணப்படும் என்பதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். குறிப்பில் மூன்றே விஷயம்: நான் யார், உங்களை ஏன் தேர்ந்தெடுத்தேன், என் கேள்வி என்ன. இப்படி: ‘வணக்கம் அக்கா. நம்ம காலேஜ் இ.சி.இ. தேர்ட் இயர். நீங்க எம்பெடடுக்கு மாறினதைப் பார்த்தேன். சி படிச்சா போதுமா, ஆர்.டி.ஓ.எஸ்.ஸும் வேணுமா?’ இதற்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் எழுதிவிடலாம். ‘எனி ஜாப் ஓப்பனிங்ஸ்?’ என்பதற்கு ‘இல்லை’ என்ற ஒரே பதில்தான் எளிது. ‘ப்ளீஸ் கைட் மீ’ என்று மொட்டையாகக் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்கே தெரியாது.

பதிலே வரலையே. திரும்பத் திரும்ப அனுப்பலாமா?

அழைப்பை ஏற்றுக்கொண்டு பதில் எழுதாமல் இருந்தால், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அத்தோடு விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அழைப்பையே ஏற்கவில்லை என்றால் திரும்பப் பெறாமல் இருப்பதே நல்லது. பெற்றுவிட்டால் அவருக்கே மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை தடை இருக்கும். வாட்ஸ்அப் நம்பரைக் கண்டுபிடித்து ‘சார், லிங்க்ட்இன் பார்த்தீங்களா’ என்று கேட்பது மட்டும் கூடவே கூடாது.

பதில் வந்தால் நன்றியோடு முடிக்காமல், அவர் சொன்னதைச் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து ‘நீங்கள் சொன்னபடி செய்தேன், இது வந்தது’ என்று இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. செய்பவரைச் சீனியர் மறப்பதில்லை.

ஈஸி அப்ளை நூறு போட்டாச்சு, ஒரு கால் கூட வரலை. ஏன்?

ஒரே கிளிக்கில் போடமுடியும் என்பதால் நூற்றுக்கணக்கானவர்கள் போடுகிறார்கள். அதோடு, மூன்று வருட அனுபவம் கேட்கும் வேலைக்கும் ஃப்ரெஷர்கள் போட்டுவிடுகிறார்கள். தேடும்போது அனுபவம் என்ற இடத்தில் ‘இன்டர்ன்ஷிப்’, ‘என்ட்ரி லெவல்’ இரண்டையும், தேதியில் ‘கடந்த 24 மணி நேரம்’ என்பதையும் தேர்ந்தெடுத்து, அந்தத் தேடலுக்கு அலர்ட் வையுங்கள். விளம்பரம் வந்த அன்றே, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

கோவையின் பம்ப், ஃபவுண்டரி நிறுவனங்கள் போன்ற சிறிய இடங்கள் பல இங்கே விளம்பரமே கொடுப்பதில்லை. அங்கே வேலை பார்க்கும் சீனியர் மட்டும் இருப்பார். டிகிரி அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் ‘நாட்ஸ்’ தளத்தில் உதவித்தொகையோடு கூடிய அப்ரென்டிஸ் பயிற்சிகளும் உண்டு. லிங்க்ட்இன்னையே கட்டிக்கொண்டு அழுதால் இவை கண்ணில் படாது.

ரெஃபரல் கேட்டா தப்பா நினைப்பாங்களா?

முன்பின் பேசாமல் முதல் செய்தியிலேயே கேட்டால் நினைப்பார்கள். ஒருமுறையாவது பேசியிருந்தால் தாராளமாகக் கேளுங்கள். பல நிறுவனங்கள் ரெஃபர் செய்த ஊழியருக்குப் போனஸும் தருகின்றன. ரெஃபரல் என்பது சிபாரிசில் வேலை வாங்குவது இல்லை. உங்கள் ரெஸ்யூம் ஒரு ஊழியர் பெயரோடு எச்.ஆர். கண்ணில் படும். தேர்வும் இன்டர்வியூவும் எல்லோருக்கும் போலத்தான்.

கேட்கும்போது ஜாப் ஐ.டி., பி.டி.எஃப். ரெஸ்யூம், அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருந்துகிறீர்கள் என்ற மூன்று வரி, மூன்றையும் ஒரே செய்தியில் கொடுங்கள். ஃபைல் பெயர் ‘ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்று இல்லாமல் உங்கள் பெயரோடு இருக்கட்டும். முக்கியமாக, ரெஃபரல் கேட்பதற்கு முன் நீங்களே விண்ணப்பித்துவிடாதீர்கள். பல நிறுவனங்களில் ஏற்கெனவே பதிவான மின்னஞ்சலை ரெஃபரலாக ஏற்கமாட்டார்கள்.

ரெண்டு அரியர் இருக்கு, சி.ஜி.பி.ஏ. 6.2. மறைக்கலாமா?

ப்ரொஃபைலில் மதிப்பெண் போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போடாமல் விடுவது மறைப்பதாகாது. ஆனால் விண்ணப்பத்தில் கேட்டால் உண்மையையே எழுதுங்கள். பொய் எழுதி ஆஃபர் வரை போனாலும் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கி, ஆஃபரே ரத்தாகும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கேம்பஸ் நிறுவனங்களின் வாசல் உங்களுக்கு மூடியிருக்கலாம். மதிப்பெண் பார்க்காமல் சொந்தத் தேர்வு வைத்து எடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. உங்களைப் போலவே அரியரோடு முடித்த சீனியர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதை அலம்னை பட்டியல் காட்டாது. நண்பர்களிடம் பெயரைக் கேட்டு, பிறகு இங்கே தேடுங்கள்.

ஆன்லைன் இன்டர்ன்ஷிப் ஆஃபர் லெட்டரைப் போஸ்ட் பண்ணி டேக் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

தேர்வே இல்லாமல் அன்றே ஆஃபர், டேக் செய்து போஸ்ட் போடு, சான்றிதழுக்கு மட்டும் ஒரு தொகை கட்டு என்று சொன்னால் அது இன்டர்ன்ஷிப் அல்ல, உங்களை வைத்து நடக்கும் விளம்பரம். அதே வார்த்தைகளில் நூறு பேர் போட்டிருப்பதை ஆளெடுப்பவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸிலோ லேத் பட்டறையிலோ ஒரு மாதம் நின்று கற்றதை எழுதுவது இதைவிட எடை கூடியது.

ப்ரீமியம் வாங்கணுமா? பச்சை வளையம் போடலாமா?

கட்டணம் கட்டி வாங்கும் ப்ரீமியம் மாணவர்களுக்குத் தேவையில்லை. இலவச மாதத்தை எடுத்தால், முடிவதற்கு முன் ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் தானாகப் பணம் எடுக்கும். வேலை தேடுகிறேன் என்று போட்டோவைச் சுற்றிக் காட்டும் ‘ஓப்பன் டு ஒர்க்’ பச்சை வளையத்தை இறுதியாண்டு மாணவர் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம்.

இன்பாக்ஸ்ல வேலை தர்றோம்னு வந்திருக்கு. உண்மையானு எப்படிப் பார்க்கிறது?

அனுப்பியவரின் ப்ரொஃபைலில் ‘அபவுட் திஸ் ப்ரொஃபைல்’ என்பதைத் திறந்தால் எப்போது சேர்ந்தார், அடையாளம் சரிபார்க்கப்பட்டதா என்று தெரியும். போன மாதம் சேர்ந்த ‘சீனியர் எச்.ஆர். மேனேஜர்’ என்றால் யோசியுங்கள். மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஜிமெயிலில் இருப்பது, பேச்சை உடனே டெலிகிராமுக்கு மாற்றுவது, பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று ஒரு ரூபாயாவது கேட்பது, இவற்றில் எது வந்தாலும் விலகுங்கள். பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

தாய்லாந்து, கம்போடியா, மியான்மர் பெயரில் ‘டேட்டா என்ட்ரி’, ‘கஸ்டமர் சப்போர்ட்’ என்று வருவதில் கூடுதல் கவனம் வேண்டும். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்கள் பற்றி வெளியுறவு அமைச்சகமே 2022-இல் எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். ஏஜென்ட்டின் பதிவை ‘இமைக்ரேட்’ அரசுத் தளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேரலாம் என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டேன். ஆஃபர் லெட்டர் போட்டோ போடலாமா?

போடாதீர்கள். சம்பளம், முகவரி, விண்ணப்ப எண் எல்லாம் அதில் இருக்கும். ரகசியம் காக்கும்படி அதிலேயே எழுதியும் இருக்கலாம். செய்தியை மட்டும் சொல்லுங்கள். சேரும் தேதி வரும்வரை எக்ஸ்பீரியன்ஸில் அந்த நிறுவனத்தைச் சேர்க்காதீர்கள். சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது சாதாரணம். அதற்குள் வேறு இடம் தேட வேண்டி வந்தால், ஏற்கெனவே வேலையில் இருப்பதாகக் காட்டும் ப்ரொஃபைல் உங்களுக்கே குறுக்கே நிற்கும்.

காலேஜ் மெயில் ஐ.டி.ல ஆரம்பிச்ச அக்கவுண்ட். இப்ப மெயில் மூடிட்டாங்க, உள்ளே போக முடியலை.

ஏதாவது ஒரு போனில் இன்னும் லாகின் ஆகியிருந்தால் உடனே சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து அதையே முதன்மையாக்குங்கள். எங்கேயும் லாகின் இல்லையென்றால், அரசு அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை மீட்க வழி உண்டு. அப்போது அட்டையில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்திருக்கவேண்டும். இனிஷியல் பற்றிச் சொன்னது இங்கேயும் உதவும். அவசரத்தில் இரண்டாவது கணக்கு தொடங்கியிருந்தால், பழையது கிடைத்ததும் இரண்டையும் இணைக்கலாம். இணைக்கும்போது கனெக்‌ஷன்கள் மட்டும்தான் மாறி வரும், எழுதியவை வராது. மூடப்போகும் கணக்கில் உள்ள ப்ராஜெக்ட் விவரங்களை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.